பானை அடியில் ஒரு பிடி

நீல டிரம்மின் மூடியைத் தங்கபுஷ்பம் அக்கா திறந்தார். உள்ளே அரிசி நகர்ந்துகொண்டிருந்தது.

அரிசி நகராது. நகர்ந்தது வண்டு. ஆனாலும் முதல் பார்வைக்கு அரிசிதான் தூக்கத்தில் புரண்டு படுப்பது போலிருந்தது. அடுத்து வாடை வந்தது. மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த பீரோவைத் திறந்தால் வருமே, அந்தப் புழுக்க வாடை. நான் முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். அடியில் வெதுவெதுப்பாக இருந்தது. வண்டு பெருத்துவிட்டால் அரிசி சுடும். என் தொழிலில் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம் இது.

எங்கள் தெரு முத்தாரம்மன் கோயிலின் சாமான் அறை. தை மாதத்து ஞாயிறு, காலை வெயில். டிரம்மைச் சுற்றி ஏழு பெண்கள் நின்றோம், ஆளுக்கொரு அரிசிப் பையோடு. பங்குனியில் கொடை, அம்மனுக்குத் திருவிழா. கொடையின் கடைசி நாள் தெருவே உட்கார்ந்து சாப்பிடும் சோறு இந்த டிரம் அரிசியில்தான் ஆக வேண்டும்.

இது பிடி அரிசி. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவோம். மாதக் கடைசி ஞாயிறு அதைப் பையில் கொண்டுவந்து டிரம்மில் கொட்டுவோம். கொடைக்கு வரி தனியாக உண்டு, அது ஆண்கள் பாடு. பிடி அரிசி பெண்கள் பாடு. அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டதால் இரண்டு மாதமாக டிரம்மை யாரும் திறக்கவில்லை.

"ரேசன் அரிசியப் போட்டா இப்படித்தான்" என்று ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று எனக்குத் தெரியும். பெயரை எழுதினால் அவர் மட்டும்தான் அப்படி நினைத்தார் என்று ஆகிவிடும். ஏழு பேரில் ஆறு பேர் அப்படித்தான் நினைத்தோம்.

ஏழாவது ஆள் பேச்சியம்மாள். தெருவின் கடைசி வீடு. உப்பளத்தில் கூலி வேலை. கணவர் தவறி நாலைந்து வருஷம் ஆகிறது, இரண்டு பெண் பிள்ளைகள். அவள் வீட்டில் பொங்குவது ரேஷன் அரிசி, ஆகவே அவள் பிடி அரிசியும் ரேஷன் அரிசி. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"நான் பொடச்சி, கல்லு பொறக்கித்தான் போட்டேன்" என்றாள் பேச்சி.

தங்கபுஷ்பம் அக்கா என் பக்கம் திரும்பினார். அவர் வீட்டுக்காரர் முக்குக்கடை அண்ணாச்சி. கொடையில் பெண்கள் சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும் அக்கா சொல்வதுதான் முடிவு.

"ஏளா கனி, நீ பாத்துச் சொல்லு. ஒனக்குத்தான் இதே சோலி."

என் சோலி

போன வாரம் இந்தப் பகுதியில், கப்பல் ஏணியில் பாதி ஏறி மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் நின்ற கதையைச் சொல்லியிருந்தேன். கப்பலில் ஒரு பெண்ணுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இதுதான் வேலை. பூச்சி பார்ப்பது.

துறைமுகத்துக்கு வரும் தானியத்தையும், இங்கிருந்து போகும் தானியத்தையும் சோதித்துச் சான்று எழுதும் ஒரு கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். மூட்டையில் குத்தூசியைச் செருகி மாதிரி எடுப்பது, வெள்ளைத் தாளில் சலிப்பது, விழுந்ததை எண்ணுவது. கடைசியில் சான்றிதழில் ஒரு வரி வரும்: உயிருள்ள பூச்சி, இல்லை. அந்த வரிக்குக் கீழே என் கையெழுத்து இருந்தால்தான் சரக்கு கப்பல் ஏறும்.

எங்கள் வேலையில் அவசரப்படக் கூடாது. அரிசி வண்டு நல்ல நடிகன். தாளில் விழுந்ததும் ஆறு காலையும் மடக்கிக்கொண்டு செத்த மாதிரிக் கிடக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் "இல்லை" என்று எழுதப் பேனாவைத் திறந்துவிடுவார்கள். ஒரு நிமிஷம் சும்மா இருந்து, பிறகு தாளுக்கு அருகே குனிந்து வாயால் ஒருமுறை சூடாக மூச்சு விட வேண்டும். உயிர் இருந்தால் எழுந்து நடக்கும்.

இன்னொரு வேலையும் உண்டு. சரக்கு ஏற்றுவதற்கு முன் கப்பலின் அடியறையைப் பார்ப்பது. போன பயணத்தின் கோதுமை எங்காவது மூலையில், சட்டத்தின் இடுக்கில், ஒரு பிடி ஒட்டிக்கொண்டிருந்தால்கூட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெருக்கி, சுரண்டி, கழுவிக் காய வைத்த பிறகுதான் அரிசி இறங்கலாம். இதற்காகக் கப்பல்காரர்கள் என்மேல் எரிந்து விழுவார்கள். "இம்புட்டுக்காண்டியா?" என்று இங்குள்ள ஏஜெண்டும் கேட்பார். ஒரு பிடி போதும், அதிலிருந்து மொத்தக் கப்பலுக்கும் போகும் என்பேன். இந்தப் பதிலை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

வெள்ளைத் தாள்

கோயில் வாசலில் தாளை விரித்தேன். கடலில் இருந்து காற்று அடித்ததால் ஒரு ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன், மறு ஓரத்தைப் பேச்சி குந்தி உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். யாரும் அவளைப் பிடிக்கச் சொல்லவில்லை.

சலித்தேன். கறுப்பும் பழுப்புமாக விழுந்தன. மூக்கு நீண்ட சாதாரண அரிசி வண்டுதான். கூடவே மாவும் உமியும், ஓட்டை விழுந்த அரிசி மணிகளும். பல வீட்டு அரிசி கலந்தது என்பதால் தாளில் பல ஜாதி மணிகள் கிடந்தன. பொன்னி, இட்லி அரிசி, குண்டு ரேஷன் அரிசி. ஓட்டை விழுந்தவற்றைத் தனியாக ஒதுக்கினேன். அவற்றில் அநேகம் நீளமாக, லேசான மஞ்சளாக இருந்தன.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சந்தேகம் வந்தது. தாளை மடித்தேன்.

"வீட்ல வச்சு நல்லாப் பாத்துட்டுச் சொல்லுதேங்க்கா" என்றேன்.

அதற்குள் தங்கபுஷ்பம் அக்கா காரியங்களை முடிவு செய்துவிட்டார். டிரம் அரிசியை மொட்டை மாடியில் காயப் போட்டுப் புடைப்பது. இன்று கொண்டுவந்ததைப் புதுச் சாக்கில் கட்டி வைப்பது. கனி பார்த்துச் சொல்கிறவரைக்கும் ரேஷன் அரிசி வேண்டாம். ஒவ்வொருவராகச் சாக்கில் கொட்டினோம். பேச்சி தன் மஞ்சப்பையை நீட்டியபோது, அக்கா அதை வாங்கி, மறுபடியும் அவள் கையிலேயே வைத்தார்.

"நீ போட வேண்டாம் பேச்சி. நீயே கஷ்டப்படுதே. கொடைக்கு பிள்ளையளக் கூட்டிட்டு வந்து நல்லாச் சாப்பிட்டுட்டுப் போ."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

"போடாமத் திங்க வரமாட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் பேச்சி பையோடு நடந்தாள்.

என் பையை யாரும் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற நான் முன்னால் வந்து, சாக்கில் கொட்டினேன்.

உப்பு வைத்தியம்

அரிசியில் வண்டு என்றால் ஊரில் ஆளுக்கொரு மருந்து வைத்திருப்பார்கள். வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய். ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து எங்கள் ஆபீசுக்கு வரும் ஒருவர் வீட்டில் துவரைக்குச் செம்மண் கட்டிக் காய வைப்பார்கள். ஒரு வருஷம் ஆனாலும் அதில் பூச்சி விழுவதில்லை. நானே பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் மருந்து உப்பு. அவர் உப்பளத்தில் சூப்பர்வைசர். கருவாடு கெடாததற்கும் ஊறுகாய் கெடாததற்கும் உப்புதான் காரணம் என்பதால், உலகத்தில் எதுவும் கெடாமல் இருக்க உப்பு போதும் என்பது அவர் கட்சி. கல்யாணமான புதிதில் ஒரு ஐப்பசியில், நான் ஊரில் இல்லாத நாளில், துவரம்பருப்பு டின்னில் இரண்டு படி கல்லுப்பைக் கலந்து வைத்துவிட்டார். அன்று காலை பாத்தியிலிருந்து வாரிய உப்பு.

வாரின உப்பில் கசப்பு நீர் இருக்கும். அம்பாரமாகக் குவித்து, அது வடிகிறவரைக்கும் விட்டு வைத்தால்தான் உப்பு உலரும். அதற்கு முன் அது காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக் குடிக்கும். இதைத் தினமும் அளத்தில் நின்று ஆட்களுக்குச் சொல்கிறவரே அவர்தான். மூன்றாம் நாள் நான் டின்னைத் திறந்தபோது பருப்பு தண்ணீரில் ஊறிக் கிடந்தது. "வடைக்கு ஆச்சு" என்றார். வடையும் வாயில் வைக்க முடியாமல் கரித்தது.

அளத்தில் தெரிந்த விஷயம் வீட்டுக்குள் வந்ததும் இந்த மனிதருக்கு எப்படி மறந்துபோனது என்று பல வருஷம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்று தாளை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோதும் அவர் முதலில் கேட்டது, டிரம்மில் உப்புப் போட்டிருந்தீர்களா என்றுதான். நான் சிரிக்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போனேன்.

பானை

நீள மஞ்சள் அரிசி எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் இல்லை. எந்தக் கடையிலும் கிடைக்காது. வெளிநாட்டுக்குப் போகிற புழுங்கலரிசி அது. நாங்கள் எடுக்கும் மாதிரிகளைச் சில மாதம் சீல் வைத்துப் பாதுகாப்போம். தகராறு ஒன்றும் வராவிட்டால் கழித்துவிடுவோம். கழிக்கிற அரிசியை ஆபீசில் ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம்.

நானும் கொண்டுவந்தேன். அந்தச் சோறு குழம்புக்குச் சேராது, தட்டில் உதிரி உதிரியாக ஓடும். வீட்டுக்காரர் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, இனி இதை என் தட்டில் போடாதே என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அதை நான் பிடி அரிசிப் பானையில் போட ஆரம்பித்தேன். தினமும் உலை அரிசியிலிருந்து பிடி எடுக்கிற வேலையும் மிச்சம். ஒரே நாளில் பை நிறைய.

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. பேச்சி தன் பிள்ளைகள் சோற்றில் இருந்து ஒரு பிடி எடுத்தாள். நான் ஆபீசில் கழித்ததில் எடுத்தேன்.

ஆனால் ஆபீஸ் அரிசியில் வண்டு இல்லை. சீல் வைத்த பை, நானே சலித்து நானே கையெழுத்துப் போட்டது. அப்படியானால் எங்கிருந்து வந்தது? பானையை முற்றத்துக்குக் கொண்டுவந்து கவிழ்த்தேன்.

மேலே வந்தது நல்ல அரிசி. பிறகு பழுப்பு மாவு. பிறகு கட்டி கட்டியாகத் தூசி. கடைசியில் பானையின் அடியோடு ஒட்டிக் கிடந்த ஒரு பிடி அரிசி, அரிசி என்று சொல்வதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் கூடு. அதில் வண்டுகள் நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

அரிசிப் பானையின் அடி காலியாகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அரிசி தீர்ந்தாலும் தீர்ந்தது என்று வாயால் சொல்ல மாட்டோம். எவ்வளவு அள்ளினாலும் அடியில் ஒரு பிடியாவது விட்டு வைப்போம், வீட்டில் குறைவு வராமல் இருக்க. நான் தனிக்குடித்தனம் வந்தபோது என் மாமியார் தன் பானை அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போட்டுத்தான் இந்தப் பானையைக் கொடுத்தார். அதன்மேல் நான் அரிசி போட்டேன், அள்ளினேன், போட்டேன். அடியை ஒரு நாளும் தொட்டதில்லை. வண்டுக்கு மணிக்குள்ளேயே முட்டை, மணிக்குள்ளேயே புழு. மேலாக அள்ளினால் கண்ணில் படாது. டிரம்மில் கிடந்து வெதுவெதுப்பானதும் வெளியே வரும்.

கப்பலில் மூலையில் கிடக்கும் ஒரு பிடிக்கு ஊரைக் கூட்டுகிற ஆள் நான். என் அடுப்படியில் அதை இருபத்தைந்து வருஷம் பத்திரமாக வளர்த்திருக்கிறேன்.

மூன்று ஞாயிறு

சொல்லியிருக்க வேண்டியது அன்று மாலையே. மூன்று ஞாயிற்றைச் சும்மா போகவிட்டேன். தங்கபுஷ்பம் அக்கா வீடு நாலு வாசல் தள்ளித்தான்.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினேன். சாதாரண அரிசி வண்டு, யார் வீட்டு அரிசியிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆபீஸ் பாஷையில் யோசித்துப் பார்த்தால் இதில் பெரிய பொய் இல்லை. அக்கா கட்டை விரல் படம் ஒன்றைப் பதிலுக்குப் போட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது என்றால் என்ன பொருள் என்று தெரு தானாகவே எடுத்துக்கொண்டது. இனிமேல் ரேஷன் அரிசி வேண்டாம் என்பது அப்படியே நின்றது.

டிரம் அரிசியை மாடியில் தார்ப்பாயில் பரப்பியபோது நானும் போய்ப் புடைத்தேன். வெயில் ஏற ஏற வண்டுகள் தார்ப்பாயின் ஓரத்து நிழலைத் தேடி ஓடின. பெண்கள் துடைப்பத்தால் அவற்றைத் தள்ளிக்கொண்டே, பேச்சியைப் பற்றி இரக்கமாகப் பேசினார்கள். பாவம், அவள் என்ன செய்வாள், கொடுக்கிற அரிசி அப்படி என்றார்கள். நான் சுளகை ஆட்டிக்கொண்டிருந்தேன். காலை மடக்கிக்கொண்டு கிடக்கிற வண்டு மாதிரித்தான் அந்த நாட்களில் நான் இருந்தேன்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். என் பையைக் கொட்டிய புதுச் சாக்கு அந்த அறையில்தான் இருந்தது. அதில் பேச்சியின் அரிசி ஒரு மணிகூட இல்லை. மாதக் கடைசியில் அதைத் திறக்கும்போது அதுவும் நகரும். அப்போது எல்லோருக்கும் விளங்கிவிடும். ஆகவே நான் கடைசியில் வாயைத் திறந்தது மனசாட்சியால் மட்டும்தானா, சாக்கு முந்திக்கொள்ளும் என்ற பயத்தாலுமா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

நடந்தது இது. மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கப்பலின் அடியறையில் ஏணிக்குப் பின்னால் ஒரு பிடி பழைய கோதுமை கிடந்தது. சுரண்டச் சொன்னேன். கப்பலின் அதிகாரி, வட இந்தியப் பையன்தான், இவ்வளவுதானே என்று கேட்டான். வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. மேலே ஏறி, கையெழுத்துப் போடாமல் மறுநாளைக்கு ஒத்திவைத்துவிட்டு, பஸ் ஏறிப் பேச்சி வீட்டுக்குப் போனேன்.

பேச்சி வீடு

அவள் அப்போதுதான் அளத்திலிருந்து வந்திருந்தாள். குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். உப்பில் நின்ற காலில் வெடிப்புகள் வெள்ளையாக இருந்தன. மதில் மேல் ஒரு சின்ன மண்பானை வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தது.

பிடி அரிசிப் பானையா என்று கேட்டேன். ஆமாம் என்றாள்.

"அடியைக் காலி பண்ணிட்டியா?"

எனக்கே தெரியாமல் குரலில் ஒரு அதட்டல் வந்துவிட்டது. பேச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"மாசக் கடைசியில எந்தப் பானையில, மதினி, அரிசி கெடக்கும்? அடியில விட்டு வைக்க எங்கிட்ட என்ன இருக்கு? கழுவிக் கவுத்திருவேன். ரேசன் போட்டாத்தான் மறுபடி."

மாதாமாதம் துடைத்துக் கழுவி வெயிலில் காய்கிற பானை. அதில் வண்டு ஒரு வாரம்கூடத் தங்க முடியாது. கப்பல்காரர்களிடம் நான் கேட்கிற சுத்தம் அதுதான். இந்தத் தெருவில் அது அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது, வழக்கத்தைக் காப்பாற்ற அவளிடம் அரிசி இல்லாததால்.

வண்டு என் பானையிலிருந்து வந்தது என்று சொன்னேன். எப்படி வந்தது, எப்போது தெரிந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திடுக்கிடவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"இங்கன வந்து சொல்லுதிய. பையத் திருப்பித் தந்தது அங்கன."

அவள் உள்ளே போனபோது கதவு வழியே பார்த்தேன். ஆணியில் அந்த மஞ்சப்பை தொங்கியது. அக்கா திருப்பிக் கொடுத்தபோது இருந்த அதே கனத்தோடு. வீட்டில் அரிசி தீர்ந்த நாட்களில் அதைப் பொங்கியிருக்கலாமே என்றேன்.

"அம்மனுக்கு எடுத்து வச்சது. அதத் திங்க முடியுமா?" என்றாள்.

ஏழு பேர்

சனிக்கிழமை மாலை தங்கபுஷ்பம் அக்காவிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, கதவைச் சாத்தினார்.

"யார்ட்டயும் சொல்லாதளா. அந்தச் சாக்க நான் மாத்திருதேன். பேச்சின்னா ரெண்டு நாளுல மறந்துருவாவ. நீன்னா கொட முடியுற வரைக்கும் இதே பேச்சாத்தான் இருக்கும். ஒனக்கு ஆபீசுல ஒரு பேரு இருக்கு."

எனக்காகத்தான் சொன்னார். பேச்சியிடம் பையைத் திருப்பிக் கொடுத்ததும் இதே அன்பில்தான். நான் மாட்டேன் என்றேன். அக்காவுக்குக் கோபம், இன்றுவரைக்கும் கொஞ்சம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை அதே சாமான் அறை, அதே ஏழு பேர். பேச்சியை நான் போய்க் கூப்பிட்டு வந்திருந்தேன். சாக்கைப் பிரிப்பதற்கு முன்பே சொன்னேன். இதைத் திறந்தால் வண்டு இருக்கும், அது என் அரிசி, டிரம்மில் இருந்ததும் என் அரிசி என்று. பானை அடிக் கதையையும் சொன்னேன், ஆபீஸ் அரிசிக் கதையையும் சொன்னேன். சாக்கைப் பிரித்தோம். இருந்தது.

யாரும் ஏசவில்லை. ஒருவர் மட்டும், ஆபீசில் கழிக்கிறதையா அம்மனுக்குப் போட்டாய் என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன்.

பிறகு தாளை விரித்தேன். பேச்சியின் மஞ்சப்பையை வாங்கி, அவிழ்த்துச் சலித்தேன். குண்டுக் குண்டாக ரேஷன் அரிசி. கொஞ்சம் தவிடு விழுந்தது, ஒரு கல் விழுந்தது. ஒரு நிமிஷம் காத்திருந்தேன். எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாளுக்கு அருகே போய் மூச்சு விட்டேன். ஒன்றும் நகரவில்லை.

"உயிருள்ள பூச்சி இல்லை" என்றேன். எத்தனையோ ஆயிரம் தடவை எழுதிய வரி. வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

கழுவிக் காய வைத்த டிரம்மில் முதலில் விழுந்தது பேச்சியின் அரிசி. நான் கடையில் பொன்னி வாங்கி, தினமும் உலையிலிருந்து ஒரு பிடி எடுக்க ஆரம்பித்தேன். என் பானையை மாதம் ஒருமுறை கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை, வீட்டுக்காரருக்கு அது ஒரு சிரிப்பு. உப்புக் கதையை நான் எடுத்தால் அவர் பானைக் கதையை எடுக்கிறார்.

அன்று கோயிலிலிருந்து திரும்பும்போது பேச்சியும் நானும் சேர்ந்து நடந்தோம். அவள் கையில் மஞ்சப்பை காலியாக மடித்து இருந்தது. உன் வீட்டுக்கு வந்து நான் சொன்னபோது நீ ஏன் திடுக்கிடவில்லை என்று கேட்டேன்.

"அன்னைக்கே தெரியும், மதினி. தாளோட மறு ஓரத்த நாந்தான புடிச்சிருந்தேன். ஓட்ட விழுந்ததெல்லாம் நீள அரிசி. அது நம்ம தெருவுல வேற யாரு வீட்டுல இருக்கு?"

பிறகு ஏன் அங்கேயே சொல்லவில்லை என்றேன்.

"நீங்களே சொல்லுவியன்னு இருந்தேன். அடுத்த ஞாயித்துக்கெழம சொல்லுவியன்னு நெனச்சேன். அதுக்கடுத்த ஞாயித்துக்கெழமயும் நெனச்சேன்."

மூன்றாவது ஞாயிற்றைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.